சென்சாரை மாற்றும் முன் அந்த மூன்று ஒயரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த ஒரு கேள்வி பதிலைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: நின்று கிளம்பும்போது வண்டி ஒரு நொடி மூச்சடைத்த மாதிரி தயங்குகிறது, அப்புறம் திடீரென்று பாய்கிறது, ரேஸ் கொடுக்காமல் நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம், அதாவது ஐட்லிங், ஏறி இறங்குகிறது, செக் என்ஜின் விளக்கு சில நாள் எரிகிறது, சில நாள் தானாக அணைந்துவிடுகிறது, என்ன செய்வது என்று. வந்த பதில் இரண்டே வரி. த்ராட்டில் பொசிஷன் சென்சார் போயிருக்கும், மாற்றிவிடுங்கள். பக்கத்திலேயே கட்டம் கட்டி ஒரு குறிப்பு வேறு: சாவியை ஆன் செய்து, ரேஸ் கொடுக்காமல் சிக்னல் ஒயரில் மீட்டர் வைத்தால் 5 வோல்ட் வர வேண்டும், வந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது.

பதில் அவசரப்பட்டுச் சொன்னது. குறிப்பு அடியோடு தப்பு. அதை நம்பி யாராவது மீட்டரும் கையுமாக பானெட்டைத் திறந்தால், கெட்டுப்போன வண்டியை நல்ல வண்டி என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் வண்டி ஒயரிங் வேலை பார்ப்பவன். கார்புரேட்டர் வண்டிகள் ஓய்ந்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பட்டறைக்குள் வரத் தொடங்கிய காலத்தில் தொழிலுக்கு வந்தவன். இந்தச் சென்சாரைத் தேவையில்லாமல் கழற்றி மாற்றிய பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் இது என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. என்ஜினுக்குக் காற்று போகும் வாசலான த்ராட்டில் பாடிக்குள் ஒரு வட்டத் தகடு இருக்கிறது, நாங்கள் பட்டர்ஃப்ளை என்போம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது திரும்பும், காற்று உள்ளே போகும். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சாரின் வேலை. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஞாபகம் இருக்கிறதா? பழைய மாதிரிச் சென்சாருக்குள் அதே சமாசாரம்தான். கரிப்பூச்சுத் தடம் ஒன்று, அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் சின்ன உலோக விரல் ஒன்று. குமிழ் பழசானால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கரகரவென்று சத்தம் வருமே, அதே கரகரப்பு இங்கே வண்டியின் குலுக்கலாக வெளியே வருகிறது.

அந்தத் தடம் முழுக்க ஒரே சீராகத் தேயாது. படிக்கட்டில் கால் படும் இடம்தானே குழியும்? தினமும் வண்டி ஓட்டுகிறவர் பெரும்பாலான நேரம் ஆக்சிலரேட்டரைக் கால்வாசிக்கும் குறைவாகத்தான் மிதிக்கிறார். அதனால் தடத்தின் முதல் கால்வாசிதான் முதலில் தேய்ந்துபோகிறது. அடிவரை மிதித்தால் பிரச்சினை இல்லை, மெதுவாகக் கிளப்பினால்தான் உதறுகிறது என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கு வினோதமாக இருக்கும், ஆனால் சரியான சாட்சியம் அது. அப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் என் சந்தேகம் சென்சார் பக்கம் ஒரு படி கூடுதலாகவே சாயும். இப்போது வரும் பல வண்டிகளில் உரசல் இல்லாத, காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் வகைச் சென்சார்கள்தான். அவற்றில் தேய்மானம் என்ற பேச்சு இல்லை, ஆனாலும் கெடும், அவற்றின் ஒயரும், ஒயரைச் சென்சாரில் செருகும் கப்ளரும் அதைவிட அதிகமாகக் கெடும்.

சென்சார் பொய் சொன்னால் கம்ப்யூட்டர் அதை நம்பி என்னென்ன செய்யும் என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆக்சிலரேட்டரிலிருந்து தகட்டுக்குக் கேபிள் வைத்த வண்டியில் கால் எடுத்துவிட்டீர்கள், தகடு மூடிவிட்டது, ஆனால் சென்சார் இன்னும் கொஞ்சம் திறந்திருப்பதாகச் சொல்கிறது என்று வையுங்கள். ஓட்டுநர் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து கம்ப்யூட்டர் ஐட்லிங்கைக் கவனிக்காமலே விட்டுவிடும், என்ஜின் சுற்றும் வேகம், அதாவது ஆர்பிஎம், மேலே தொங்கும், இல்லாவிட்டால் அலையும். இறக்கத்தில் காலை எடுத்து வண்டியை உருளவிடும்போது பெட்ரோலை நிறுத்துவதும் தகடு மூடியிருக்கிறது என்ற தகவலை வைத்துத்தான், அந்தத் தகவல் ஆடினால் பெட்ரோல் நின்று நின்று வரும், வண்டி வெட்டி வெட்டி ஓடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் கியர் மாறும் நேரம்கூடத் தப்பும். அப்போது கியர்பாக்ஸைக் குறை சொல்கிற ஆட்களும் உண்டு, கியர்பாக்ஸைக் கழற்றியே விட்ட ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

இத்தனை அறிகுறியும் இந்தச் சென்சாருக்கு மட்டும் சொந்தம் கிடையாது என்பதுதான் சிக்கல். த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் இதே ஐட்லிங் தொல்லை வரும். இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிந்தால் வரும். காற்றின் அளவைப் பார்க்கும் சென்சார் அழுக்கானால் கிளம்பும்போது தயங்கும். இக்னிஷன் காயில் பழுதானாலும் உதறும். ஆக, உதறுகிறது என்ற ஒரு சொல்லை வைத்துச் சென்சாரை மாற்றச் சொல்வது, தலைவலி என்று வந்தவருக்குக் கண்ணாடி மாட்டி அனுப்புவது மாதிரி.

சரி, கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைப் போட்டால் தெரிந்துவிடாதா என்பார்கள். தெரியும், எதைச் சொல்கிறது என்று படிக்கத் தெரிந்தால். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான ஓபிடி, அதாவது வண்டி தன் பழுதைத் தானே கண்டுபிடித்துப் பதிந்து வைக்கும் ஏற்பாட்டின் புண்ணியத்தில், பி0 என்று தொடங்கும் எர்ரர் எண்களுக்கு எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே அர்த்தம்தான். நம் விஷயத்துக்கு வருவது பி0120 முதல் பி0124 வரை. இதில் பி0122 என்றால் சிக்னல் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் கீழே போய்விட்டது. பி0123 என்றால் மேலே போய்விட்டது. பி0124 விட்டு விட்டு வரும் கோளாறு. பி0121 கொஞ்சம் சூட்சுமமானது: வோல்டேஜ் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் மற்ற சென்சார்கள் சொல்லும் காற்றின் அளவோடும் ஆர்பிஎம்மோடும் இது பொருந்தவில்லை என்கிறது கம்ப்யூட்டர். காற்றுக் கசிவு இருந்தாலும் இது வரலாம், கரி படிந்தாலும் வரலாம்.

கவனியுங்கள், இதில் ஒன்றுகூட 'சென்சாரை மாற்று' என்று சொல்லவில்லை. சிக்னல் வோல்டேஜ் கீழே போனது என்றால் சென்சாரால் போயிருக்கலாம், ஒயர் அறுந்து போயிருக்கலாம், சென்சாருக்கு வர வேண்டிய 5 வோல்ட்டே வராமல் போயிருக்கலாம். கம்ப்யூட்டருக்குத் தன் பின்னில் வந்து சேர்ந்த வோல்டேஜ் மட்டும்தான் தெரியும், வழியில் என்ன நடந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. எர்ரரைப் பார்த்த கையோடு அழித்துவிடாதீர்கள். பழுது பதிவான அந்தக் கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது, என்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று ஒரு சின்னப் படம் மாதிரி கம்ப்யூட்டர் எடுத்து வைத்திருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அழித்தால் அதுவும் போய்விடும். 'அழிச்சுட்டேன் சார், ஓட்டிப் பாருங்க, திரும்ப வந்தா பாக்கலாம்' என்று சொல்லி அனுப்புவது எங்கள் தொழிலில் சகஜம். திரும்ப வரும்போது நடுச்சாலையில் வரும்.

இப்போது என் பாவமன்னிப்பு. தொழிலுக்கு வந்து சில வருடம் ஆன சமயம், ஒரு பெரியவர் வண்டியைக் கொண்டுவந்தார். பிக்கப் இல்லை, விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0122. கூடவே இன்டேக் காற்றழுத்தச் சென்சாருக்கு பி0107, அதுவும் வோல்டேஜ் குறைவு என்றே. நான் மேலே இருந்ததைப் பார்த்தேன், த்ராட்டில் சென்சாரைப் புதிதாகப் போட்டேன். விளக்கு அணையவில்லை. சரி, அடுத்ததையும் போடுவோம் என்று அழுத்தச் சென்சாரையும் போட்டேன். அப்போதும் அப்படியே. பெரியவர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், மூன்றாவது முறை நான் எதையோ கழற்றப் போனபோது கேட்டார்: "ஏன் தம்பி, ரெண்டும் ஒரே நாள்லயா செத்துப்போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரே நாளில் இரண்டு சென்சார் சாகாது, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று செத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். கம்ப்யூட்டர் அனுப்பும் 5 வோல்ட் பல வண்டிகளில் இரண்டு மூன்று சென்சார்களுக்கு ஒரே இணைப்பிலிருந்து பிரிந்து போகும். அங்கே 5 வோல்ட்டுக்குப் பதில் அரை வோல்ட்கூட இல்லை. அந்த இணைப்பில் இருந்த சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன், மீட்டரில் கண் வைத்தபடி. ஏசி கேஸ் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரைப் பிடுங்கியதும் மீட்டர் படக்கென்று 5க்கு ஏறியது. அந்த ஏசி சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, தன்னோடு சேர்த்து மற்ற இரண்டையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. நான் கழற்றிப் போட்ட இரண்டு பழைய சென்சாரும் நல்ல சென்சார்கள். அவற்றையே திரும்ப மாட்டிக் கொடுத்தேன், புதியவற்றுக்குக் காசு வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து வாங்கியிருக்கவும் முடியாது.

அந்த நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம். சென்சாரைத் தொடுவதற்கு முன் அதற்குப் போகும் மூன்று ஒயரையும் அளப்பேன். கேபிள் வைத்த வண்டிகளில் பெரும்பாலும் மூன்றே ஒயர்தான்: கம்ப்யூட்டரிலிருந்து வரும் 5 வோல்ட், எர்த், திரும்பப் போகும் சிக்னல். கலர் வண்டிக்கு வண்டி மாறும், ஆகவே அந்த வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

சாவி ஆன், என்ஜின் ஆஃப். 5 வோல்ட் ஒயரில் 4.9 முதல் 5.1 வரை வந்தால் திருப்தி. எர்த் ஒயரை பேட்டரியின் மைனஸோடு ஒப்பிட்டு அளந்தால் கிட்டத்தட்ட சைபர் வர வேண்டும், 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே எங்கோ எர்த் சரியாகப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பலர் இந்த எர்த்தை அளப்பதே இல்லை. அப்புறம் சிக்னல் ஒயர். காலை எடுத்த நிலையில் பெரும்பாலான வண்டிகளில் 0.5 முதல் 0.9 வோல்ட்டுக்குள் இருக்கும், முழுக்க மிதித்தால் 4 முதல் 4.7 வரை ஏறும். துல்லியமான எண் அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. இவற்றை அளக்கும்போது கப்ளர் சென்சாரில் மாட்டியே இருக்க வேண்டும். கப்ளரின் பின்பக்கம், ஒயர் உள்ளே நுழையும் ரப்பர் ஓரமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளக்கலாம். ஒயரின் மேல்தோலைக் குத்தி அளக்காதீர்கள். இன்றைக்கு வேலை முடிந்துவிடும், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போய் அடுத்த வருடம் செம்பு பச்சை பூத்து உங்களுக்கே திரும்ப வரும்.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வருகிறேன். காலை எடுத்த நிலையில் சிக்னல் ஒயரில் 5 வோல்ட் நிற்கிறது என்றால் பெரும்பாலும் எர்த் அறுந்திருக்கிறது, இல்லையென்றால் சிக்னலும் 5 வோல்ட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே இழுக்க எர்த் இல்லாததால் 5 வோல்ட் தடத்தின் வழியாக அப்படியே சிக்னலுக்கு வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்த மாதிரித் தெரியும். பி0123 வருவது இங்கேதான்.

இதில் ஒரு வேடிக்கையான பின்விளைவு உண்டு. பெட்ரோல் அதிகமாகிப் பிளக் நனைந்த என்ஜினைக் கிளப்ப, முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும் ஏற்பாடு பல வண்டிகளில் இருக்கிறது. சென்சார் எப்போதும் 'முழுக்க மிதித்திருக்கிறது' என்று சொன்னால்? செல்ஃப் அடிக்கும், பெட்ரோல் வராது, வண்டி கிளம்பாது. ஒரு வண்டி இப்படித்தான் பெட்ரோல் பம்ப் மாற்றப்பட்டு, ஃபில்டர் மாற்றப்பட்டு, கடைசியில் கயிறு கட்டி என்னிடம் வந்தது. ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்த நொடியில் சொல்வதைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன், கால் வைக்காமலே த்ராட்டில் 97 சதவீதம். சென்சார் கப்ளரைப் பிடுங்கிவிட்டு செல்ஃப் அடித்தேன், கிளம்பிவிட்டது. கப்ளரைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால் மூன்று பின்னில் இரண்டு பளபளவென்று இருக்க, எர்த் பின் மட்டும் பாசி படிந்த மாதிரிப் பச்சை, நகத்தால் சுரண்டியதும் பொடியாக உதிர்ந்தது. அந்த ஒரு பின்னை மாற்றினேன். சென்சாரைக் கழற்றவே இல்லை. உங்கள் கட்டத்தின்படி அந்த வண்டி தேர்வில் பாஸ்.

அப்படியானால் சென்சார் கெடவே கெடாதா? கெடும். அதைக் கண்டுபிடிக்கும் விதம் தனி, எனக்குப் பிடித்த வேலையும் அதுதான். 5 வோல்ட் சரி, எர்த் சரி, கப்ளர் சுத்தம் என்று ஆன பிறகு, சாவியை ஆன் செய்து சிக்னல் ஒயரில் மீட்டரை வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெதுவாக, எவ்வளவு மெதுவாக என்றால் மேலிருந்து கீழே போக 10 நொடி ஆகும்படி, அழுத்த வேண்டும். அதே மாதிரி மெதுவாக விட வேண்டும். வோல்டேஜ் தண்ணீர் ஏறுவது மாதிரி ஏற வேண்டும், இறங்க வேண்டும். இதற்கு நான் இன்னமும் பழைய முள் மீட்டரைத்தான் எடுக்கிறேன், பையன்கள் சிரிப்பார்கள். டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றிக் காட்டும், அதற்கு நடுவில் கண நேரம் சிக்னல் விழுந்து எழுந்தால் அதற்குத் தெரியாமலே போகும். முள் அப்படியில்லை, துடித்துக் காட்டிவிடும். எண் சற்று முன்பின் இருக்கட்டும், எனக்கு வேண்டியது துடிப்பு.

போன மாதம் பார்த்த ஒரு வண்டியில் முள் 0.6லிருந்து கிளம்பி 0.8, 1.0 என்று அழகாக ஏறியது. 1.2ஐத் தொட்டதும் டக்கென்று அடிவரை விழுந்து அதே வேகத்தில் மேலே வந்தது. காலை ஒரு மயிரிழை பின்னால் எடுத்து மறுபடி அழுத்தினேன், அதே இடம், அதே விழுதல். 1.2ஐத் தாண்டினால் மேலே கடைசி வரை ஒரு குறையும் இல்லை. இதுதான் செத்த சென்சார். இதைப் பார்த்த பிறகு மாற்றுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

சில சென்சார்கள் குளிரில் யோக்கியம், சூடானால் சேட்டை. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் ஒன்றுமே காட்டாது, வண்டிக்காரர் பொய் சொல்கிறார் என்று நமக்குத் தோன்றும். தலைமுடி உலர்த்தும் கருவியால் சென்சாரைக் கொஞ்ச நேரம் சூடாக்கிவிட்டு மறுபடி அதே சோதனையைச் செய்தால் மாட்டிக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே முள்ளைப் பார்ப்பதும் உண்டு. லேசாக என்றால் லேசாக, ஆணி அடிக்கிற மாதிரி அடித்தால் நல்ல சென்சாரும் உயிரை விடும். அதே மாதிரி ஒயர் கட்டை அங்கங்கே பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது முள் துடித்தால் பழுது ஒயரில்.

மீட்டர் இல்லாதவர்கள் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைக் கோடாக வரைய வைத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு யோசனை: திரையில் இருபது விஷயத்தைத் தேர்ந்தெடுத்து வைக்காதீர்கள், ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் நடுவில் நடந்தது தப்பிவிடும். த்ராட்டில், ஆர்பிஎம், இவை இரண்டு போதும்.

ஓம்ஸில் வைத்து ரெசிஸ்டன்ஸ் பார்ப்பது பழைய தடம் வகைச் சென்சாருக்குச் சரி, கப்ளரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். ஹால் வகைக்கு அது பொருந்தாது. உள்ளே எலக்ட்ரானிக் சில்லு இருக்கிறது, ஓம்ஸ் அளந்து என்ன எண் வந்தாலும் அதற்கு அர்த்தம் இல்லை. அந்த எண்ணைக் காட்டி 'போச்சு சார்' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கேபிள் வண்டிக்கதை. கேபிள் இல்லாமல் மோட்டாரே தகட்டைத் திறந்து மூடும் வண்டிகளில் கணக்கு கொஞ்சம் கூடுதல். அங்கே த்ராட்டில் பாடிக்குள் இரண்டு சென்சார், ஆக்சிலரேட்டர் பெடலில் இன்னும் இரண்டு. ஒன்றை மற்றொன்றை வைத்துச் சரிபார்க்கத்தான் இந்த ஜோடி. த்ராட்டில் பாடியில் பல வண்டிகளில் ஒன்று ஏற ஏற மற்றொன்று இறங்கும், எந்த நிலையிலும் இரண்டையும் கூட்டினால் சுமார் 5 வோல்ட் வரும். பெடலில் பெரும்பாலும் ஒன்று மற்றொன்றின் பாதியாக ஏறும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் த்ராட்டில் பாடிக்கு பி2135, பெடலுக்கு பி2138. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொண்டு, பெடலில் இருக்கும் பழுதுக்கு த்ராட்டில் பாடியையே மாற்றிய வண்டிகள் உண்டு. எண்ணை முழுசாகப் படித்தாலே தவிர்த்திருக்கலாம்.

ஒத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் தகட்டு மோட்டாருக்குக் கரண்டை நிறுத்திவிடும். ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சமாகத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும், நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் வண்டி தவழும். லிம்ப் மோட் என்கிறோமே, அது இதுதான். வண்டி உங்களைக் கைவிட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், ஓரமாகப் போய் நிறுத்த அது கொடுக்கும் அவகாசம் அது. எப்படியோ ஓடுகிறதே என்று வேகமான சாலையில் ஏற்றிவிடாதீர்கள்.

இந்த வண்டிகளில் சென்சார் மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது, த்ராட்டில் பாடியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டிவரும். அதனால் தப்பாக யூகித்தால் நஷ்டமும் பெரிசு. சந்தேகத்தின் பேரில் மாற்றிப் பார்ப்போம் என்பது இங்கே எடுபடாது.

கரி சுத்தம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வைத்த த்ராட்டில் பாடியில் சாவி ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விடாதீர்கள், தகடு சட்டென்று மூடினால் விரல் மாட்டும். தகட்டைக் கையால் நெம்பித் திறக்கவும் கூடாது, உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் இருக்கின்றன. சுத்தம் செய்தாலோ புதிது போட்டாலோ, பேட்டரியைக் கழற்றினாலோகூட, மூடிய நிலை எது, ஐட்லிங்குக்கு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைப் பல வண்டிகள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். சிலது தானாகக் கற்கும், சிலதுக்கு ஸ்கேனரில் கட்டளை கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, புதுசு போட்டும் ஐட்லிங் சரியில்லை, டூப்ளிகேட் பாகம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போல்ட் ஓட்டை நீளவாக்கில் இருக்கும் பழைய சென்சார்களை மாட்டும்போது மீட்டரை வைத்து, மூடிய நிலை வோல்டேஜ் மேனுவலில் சொன்ன எண்ணுக்கு வரும்படி திருப்பி முடுக்க வேண்டும். கண்ணளவில் முடுக்கினால் மறுபடி அதே தொல்லை.

உங்களுக்குக் கேள்வி அனுப்பிய அந்த வாசகருக்கு நான் சொல்வது இதுதான். பட்டறையில் சென்சாரை மாற்ற வேண்டும் என்றால், கோபப்படாமல், எர்ரர் எண் என்ன, 5 வோல்ட் வருகிறதா, எர்த் எவ்வளவு, காலை எடுத்தால் சிக்னல் எவ்வளவு, மெதுவாக மிதித்தால் எந்த இடத்தில் விழுகிறது என்று கேளுங்கள். அளந்தவர் பட்டென்று எண்ணைச் சொல்லுவார், சந்தோஷமாகக் காட்டவும் செய்வார், தன் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது. அளக்காதவர் 'எனக்கு இருபது வருஷ அனுபவம் சார்' என்பார். கழற்றிய பழைய சென்சாரையும் மறக்காமல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவர் வண்டியில் நடந்தது மாதிரி, திரும்ப மாட்டவும் நேரலாம்.

கடிதம் நீளம் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், என் பாவமன்னிப்பைக்கூட எடுத்துவிடுங்கள், வருத்தமில்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குத் திருத்தம் மட்டும் அடுத்த வாரமே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்: காலை எடுத்த நிலையில் சிக்னல் ஒயரில் 5 வோல்ட் வரக் கூடாது, பெரும்பாலான வண்டிகளில் 0.5 முதல் 0.9 வரை வர வேண்டும், 5 வோல்ட் வர வேண்டியது பக்கத்து ஒயரில்.

இப்படிக்கு,
வண்டி ஒயரிங் வேலை பார்க்கும் உங்கள் வாசகன்